கேள்வி நேரத்துக்குக் கேள்வி எழுதுவது எப்படி? எம்.பி. அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டெல்லியில் ஓர் எம்.பி.யிடம் உதவியாளராகச் சேர்ந்தால், அநேகமாக முதல் மாதத்திலேயே இந்த வேலை உங்கள் தலையில் விழும்: "கூட்டத்தொடர் அறிவிச்சாச்சு, நாலைஞ்சு கேள்வி எழுதி வைப்பா." கேட்க எளிதாகத்தான் இருக்கும். எழுதி அனுப்பினால் பாதி அனுமதி கிடைக்காமல் திரும்பும். மீதிக்கு "இந்த விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வரும். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எம்.பி. அலுவலகத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் படியுங்கள். நல்ல கேள்விகள் பலவும் சங்கங்களிலிருந்தும் ஆய்வாளர்களிடமிருந்தும் பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தும்தான் எம்.பி.க்களுக்கு வந்து சேர்கின்றன.

நட்சத்திரம் இருப்பதும் இல்லாததும்

எம்.பி.க்கள் அமைச்சர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கென ஒதுக்கிய நேரம்தான் கேள்வி நேரம். மக்களவையில் அது காலை 11 முதல் 12 வரை. மாநிலங்களவையிலும் முன்பு அதே நேரம்தான். அவை கூடியதுமே கிளம்பும் அமளியில் கேள்வி நேரம் அடிபட்டுக்கொண்டே இருந்ததால், 2014 இறுதியில் அதை நண்பகல் 12 மணிக்கு மாற்றினார்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஒரு நாளைக்கு மக்களவையில் இப்படி 20, மாநிலங்களவையில் 15. நட்சத்திரக் குறி இல்லாத கேள்விக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும். துணைக் கேள்வி கிடையாது. இவை மக்களவையில் நாளைக்கு 230, மாநிலங்களவையில் 160. அவசர விஷயத்துக்குக் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதற்கு அமைச்சர் சம்மதிக்க வேண்டும் என்பதால் அடிக்கடி கைகொடுக்காது.

புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் நட்சத்திரத்தின் மேல்தான் கண். தொலைக்காட்சியில் தெரியும், தொகுதியில் பேச்சாகும், சரிதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுவது பெரும்பாலும் ஐந்தாறு கேள்விகள்தான். முறை வராத மற்ற நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதிலாகவே முடிந்துபோகும். புள்ளிவிவரம்தான் வேண்டுமென்றால் நட்சத்திரம் இல்லாத கேள்வியே போதும். 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும்போது உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி 'அப்படியொரு தரவு பராமரிக்கப்படவில்லை' என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது அந்தக் கூட்டத்தொடரில்தான். நாடு முழுக்க அதுவே தலைப்புச் செய்தி.

முதல் வேலை: தேதி

கூட்டத்தொடருக்கு அழைப்பாணை வந்ததும், எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள், அந்த நாளுக்கான கேள்வியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற அட்டவணை வெளியாகும். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு குழுவாக ஒதுக்கியிருப்பார்கள். உங்கள் எம்.பி.க்கு அக்கறையுள்ள அமைச்சகங்களை மட்டும் அதில் குறித்து, சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பதில் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாகக் கேள்வியைத் தர வேண்டும். முழு நாள் என்றால், தரும் நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. முதல் வாரக் கேள்விகளை அவை கூடுவதற்கு முன்பே தந்தாக வேண்டும் என்பது பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. இந்த 15 நாளில்தான் அமைச்சகமும் தகவல் திரட்டுகிறது. 28 மாநிலங்களிலிருந்து கேட்டு வாங்க வேண்டிய தகவலைக் கேட்டால், 'தகவல் திரட்டப்படுகிறது' என்ற பதில்தான் வரும்.

மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு, இரண்டு வகையும் சேர்த்து ஐந்து கேள்விகள் வரை தரலாம். அவற்றில் நட்சத்திரக் குறியோடு பட்டியலுக்கு வருவது ஒன்றுக்கு மேல் இருக்காது.

எந்த அமைச்சகம்?

நல்ல கேள்விகள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். தவறான அமைச்சகத்துக்குப் போன கேள்வி, உரிய அமைச்சகத்துக்கு மாற்றப்படும். அதன் நாள் வேறாக இருந்தால் உங்கள் திட்டமும் கலைந்துவிடும்.

நீட் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. மருத்துவப் படிப்பு, இடங்கள், கலந்தாய்வு, தேசிய மருத்துவ ஆணையம் எல்லாம் சுகாதார அமைச்சகம். வினாத்தாள் கசிவையும் காலி இடங்களையும் ஒரே கேள்வியில் போட்டால், இரண்டில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் நிச்சயம். இரண்டு கேள்வியாக்கி, இரண்டு நாளில் கேளுங்கள்.

கூடங்குளம் பற்றிக் கேட்க வேண்டுமா? 'பிரதமர் அருள்கூர்ந்து கூறுவாரா' என்று தொடங்க வேண்டும், ஏனென்றால் அணுசக்தித் துறை பிரதமரிடம் இருக்கிறது. பதில் சொல்வது வழக்கமாக அவரது இணை அமைச்சர். லண்டனில் புதன்கிழமைதோறும் பிரதமரே அரை மணி நேரம் நின்று எல்லா விஷயத்துக்கும் பதில் சொல்கிறாரே, அந்த வழக்கம் இங்கே கிடையாது. அது இல்லாதது பெரிய குறை என்பது என் கருத்து.

எந்தத் துறைக்கு எந்த வேலை என்பது 1961ஆம் ஆண்டின் மத்திய அரசு அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில் இருக்கிறது. படிக்கச் சுவையில்லாத ஆவணம்தான், ஆனாலும் கணினியில் திறந்தே வைத்திருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள விஷயமாக இருந்தால், அதில் மத்திய அரசின் பங்கு எது என்று தேடுங்கள்: மத்திய நிதியா, மத்தியத் திட்டமா, மத்தியச் சட்டமா? அந்த முனையைப் பிடித்துத்தான் கேட்க முடியும்.

எழுதுவது

கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ தர வேண்டும். வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி, அவதூறு எதுவும் இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. ஒரு பதிலுக்குள் அடங்காத பெரிய கொள்கை விவகாரத்தை இழுக்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதையும், ஏற்கெனவே பதில் வந்துவிட்டதையும் கேட்கக் கூடாது. நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாக எழுதக் கூடாது. மக்களவை விதி 41-இல் இவை விரிவாக இருக்கின்றன. புதியவர்கள் ஒருமுறையாவது அதை முழுதாகப் படித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் வைத்து ஒரு கேள்வியை எழுதிப் பார்ப்போம். ராமநாதபுரம் மீனவர் சங்கத்தினர் உங்கள் எம்.பி.யைச் சந்தித்து முறையிடுகிறார்கள். கோபத்தோடு முதலில் எழுத வருவது இப்படி இருக்கும்:

'இலங்கைக் கடற்படையின் அட்டூழியத்தை மத்திய அரசு எத்தனை நாள்தான் வேடிக்கை பார்க்கும்?'

மேடைக்கு நன்றாக இருக்கும். கேள்விப் பட்டியலில் இது ஏறாது: அடைமொழி இருக்கிறது, குற்றச்சாட்டு இருக்கிறது, நட்பு நாட்டைப் பற்றிய கடுஞ்சொல் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, இதற்குப் பதிலாக அமைச்சர் தர வேண்டிய தகவல் என்று எதுவுமே இல்லை. இதையே வெளியுறவு அமைச்சருக்கு இப்படி எழுதலாம்:

(அ) கடந்த மூன்று ஆண்டுகளில் இலங்கை அதிகாரிகளால் கைது செய்யப்பட்ட தமிழ்நாட்டு மீனவர்களின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக;

(ஆ) அவர்களில் விடுவிக்கப்பட்டவர்கள், தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்கள், அபராதம் கட்ட முடியாததால் சிறையில் இருப்பவர்கள் எத்தனை பேர்;

(இ) அதே காலத்தில் பிடிக்கப்பட்ட படகுகள் எத்தனை, அவற்றில் திரும்ப ஒப்படைக்கப்பட்டவை, இலங்கையால் அரசுடைமை ஆக்கப்பட்டவை எத்தனை;

(ஈ) மீனவர் பிரச்சினைக்கான இருநாட்டுக் கூட்டுப் பணிக்குழு கடைசியாகக் கூடிய தேதி, அதில் எடுக்கப்பட்ட முடிவுகள், அவை நிறைவேறிய நிலை?

இதில் கோபம் எங்கேயும் தெரியாது. ஆனால் (ஆ)-வில் உள்ள அபராதக் கணக்கைச் சொல்ல அமைச்சகம் ஒவ்வொரு வழக்காகப் பார்த்தாக வேண்டும். (ஈ)-யில் தேதியைக் கேட்டிருப்பதால், 'பேச்சுவார்த்தை தொடர்கிறது' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. 'எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் என்ன' என்று பொதுவாக முடிக்கும் வழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அது அமைச்சகத்துக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாய். ஒரு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயரை அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எண், தேதி, தொகை, பெயர் இவற்றைக் கேளுங்கள்.

இந்தக் கேள்வியில் கச்சத்தீவைச் சேர்க்கத் தோன்றும். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாகச் சொல்லி முன்பே பதில்கள் வந்திருக்கின்றன, அதனால் அந்த ஒரு பகுதி மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டத்தையும் சேர்க்கத் தோன்றும். அது மீன்வள அமைச்சகம். தனிக் கேள்வி, தனி நாள்.

எழுதி முடித்ததும் 'சன்சத் டாட் இன்' தளத்தில் அதே பொருளில் வந்த பழைய கேள்விகளைத் தேடுங்கள். அமைச்சகத்தின் பெயரையோ ஒரு சொல்லையோ போட்டுத் தேடலாம், பதில்கள் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். ஏற்கெனவே பதில் இருந்தால் அதுவே உங்களுக்கு முதலீடு. 'இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு அளித்த பதிலில் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்ன திட்டம் எந்த நிலையில் உள்ளது' என்று கேட்கலாம்.

தாக்கல், குலுக்கல், கடவுச்சொல்

உறுப்பினர்களுக்கான இணையதளம் வழியாகவே இப்போது கேள்விகள் போகின்றன. இடத்தைவிடக் கேள்விகள் பல மடங்கு அதிகம் என்பதால், எது பட்டியலில் வரும் என்பதைக் கணினிக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. முதலில் அனுப்பினால் முதலிடம் என்பதெல்லாம் இல்லை. ஒரே கட்சி எம்.பி.க்கள் பலர் ஒரே பொருளில் கேள்வி தருவதற்கும் இதுதான் காரணம். யாராவது ஒருவருக்கு விழுந்தால் போதும். ஒரே மாதிரிக் கேள்விகள் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிடும்.

புதிய உதவியாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கேள்வி என்பது உறுப்பினரின் தனி உரிமை. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசிய கேமராவில் பதிவாகி, 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள்: மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். 2023 டிசம்பரில் திரிணாமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா மக்களவையிலிருந்து நீக்கப்பட்டார். பணம் வாங்கியதாக எழுந்த குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஆனால் கேள்வி பதிவேற்றும் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாள் ஒருவரிடம் கொடுத்திருந்ததை ஒப்புக்கொண்டார். அந்த நீக்கம் சரியா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. உங்களுக்கான பாடம் சின்னதுதான்: எம்.பி. படித்துப் பார்த்துச் சம்மதிக்காமல் ஒரு கேள்வியும் போகக் கூடாது. ஒரு கம்பெனிக்காரர் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டும் கேள்வியில், போட்டிக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எம்.பி.யிடம் சொல்லிவிட்டு ஓரமாக வையுங்கள்.

பதிலைப் படிப்பது

2021 ஜூலையில் மாநிலங்களவையில் கொரோனா இரண்டாம் அலையின் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் பற்றிக் கேள்வி வந்தது. சுகாதாரம் மாநில விவகாரம், மாநிலங்கள் அனுப்பும் கணக்கைத்தான் தொகுக்கிறோம், ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. ஊரே கொதித்தது. ஆனால் பதிலை மறுபடி படியுங்கள். மரணமே நடக்கவில்லை என்று அதில் இல்லை. 'குறிப்பாகத் தெரிவிக்கவில்லை' என்றுதான் இருக்கிறது. அடுத்த கேள்வி அந்தச் சொல்லிலிருந்து கிளம்ப வேண்டும்: மாநிலங்கள் நிரப்பி அனுப்பும் படிவத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று குறிக்க இடம் இருந்ததா? அப்படித் தனியாகத் தெரிவிக்கும்படி மத்திய அரசு எப்போதாவது கேட்டதா, கேட்டிருந்தால் எந்தத் தேதியில்?

நீங்கள் (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேட்டிருக்க, பதில் '(அ) முதல் (ஈ) வரை' என்று ஒரே பத்தியாக வந்தால் உடனே பேனாவை எடுங்கள். ஏதோ ஒன்றுக்குப் பதில் இல்லாமல் இருக்கும். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் சிக்கிவிடும்.

துணைக் கேள்வி

நட்சத்திரக் கேள்விக்கான பதில், அவையில் எடுத்துக்கொள்ளப்படும் முன்பே உறுப்பினர் கைக்கு வந்துவிடும். அமைச்சர் எழுந்து 'அறிக்கை அவையின் முன் வைக்கப்படுகிறது' என்பார். அப்புறம் உங்கள் எம்.பி.க்கு மக்களவையில் வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள். அவற்றைத் தமிழிலும் கேட்கலாம், உடனடி மொழிபெயர்ப்பு இருக்கிறது. உங்கள் வேலை அரைப் பக்கக் குறிப்பு: பதிலில் விடுபட்டது எது, பழைய பதிலோடு முரண்படுவது எது, கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். முன்னுரை எழுதிக் கொடுக்காதீர்கள். எம்.பி. அதையும் சேர்த்துப் படிப்பார், சபாநாயகர் 'கேள்வியைக் கேளுங்கள்' என்று குறுக்கிடுவார், நேரம் போய்விடும்.

துணைக் கேள்வியின் பலத்துக்கு 1957ஆம் ஆண்டின் முந்த்ரா விவகாரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. முந்தைய ஆண்டுதான் உருவான எல்.ஐ.சி., கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. ராம் சுபக் சிங்கும் ஃபெரோஸ் காந்தியும் மக்களவையில் இதைப் பற்றிக் கேட்டார்கள். இருவருமே ஆளுங்கட்சிக்காரர்கள், ஃபெரோஸ் பிரதமர் நேருவின் மருமகன் வேறு. கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போக, டிசம்பரில் அது முழு விவாதமாக வெடித்தது. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. நிதியமைச்சராக இருந்த நம் சென்னை டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். எந்தப் பங்கு, என்ன விலை, யார் ஒப்புதல் என்று குறுகலாகக் கேட்டதுதான் அங்கே வேலை செய்தது.

பதில் வந்த பிறகு

இங்கேதான் பெரும்பாலான அலுவலகங்கள் கோப்பை மூடிவிடுகின்றன. பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தாயிற்று, ட்வீட் போட்டாயிற்று, முடிந்தது. மூடாதீர்கள்.

'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்படுகிறது', 'ஆராய்ந்து பார்க்கிறேன்' என்றெல்லாம் அமைச்சர் சொன்னால், அது பதிவேட்டில் உறுதிமொழியாக ஏறும். எந்தெந்தச் சொற்றொடர்கள் அப்படிக் கணக்கில் வரும் என்று பட்டியலே இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, 15 உறுப்பினர்கள். அமைச்சகச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. உங்கள் கேள்விக்கு வந்த உறுதிமொழிகளை ஒரு எக்ஸெல் தாளில் எழுதி, மூன்று மாதம் கழித்த தேதியையும் பக்கத்தில் போட்டு வையுங்கள். தேதி தாண்டியதும் எம்.பி. பெயரில் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம்.

பதிலில் உள்ள தகவலே தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், சபாநாயகரின் வழிகாட்டு விதி 115-இன்படி எழுதலாம். அமைச்சர் விளக்கம் தர வேண்டி வரும். உரிமை மீறல் நோட்டீஸ் அதற்கும் அடுத்த படி, ஆனால் அமைச்சர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னார் என்று நிறுவ வேண்டியிருப்பதால் எளிதில் நிற்காது. பதில் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். மக்களவையில் திங்கள், புதன், வெள்ளி மாலைகள் அதற்கானவை. மூன்று நாள் முன்னதாக, காரணத்தோடு எழுதித் தர வேண்டும்.

சட்டப்பேரவையில்

சென்னையில் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான்: கேள்வி, பதில், துணைக் கேள்வி, உறுதிமொழிக் குழு. வித்தியாசம் தொனியில். 'எனது தொகுதியில் இன்ன ஆற்றின் குறுக்கே பாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?' என்பதுதான் அங்கே வழக்கமான வடிவம். 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்பது வழக்கமான பதில். 2022 முதல் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுவதால், தொகுதி மக்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் கோரிக்கைகள் இன்னும் கூடத்தான் செய்யும். கோரிக்கை வைப்பது தவறில்லை. ஆனால் அதற்கு மனு கொடுக்கலாம். பாலத்துக்கு எப்போது திட்ட மதிப்பீடு தயாரானது, எவ்வளவு தொகை, எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று கேட்டால் அமைச்சர் அந்தக் கோப்பை வரவழைத்துப் பார்த்தாக வேண்டும். பல நேரம் கேள்வி போன வாரத்திலேயே கோப்பு நகர்ந்துவிடும்.

வெளியிலிருந்து கேள்வி அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் பத்துப் பக்க மனுவோடு வராதீர்கள், அன்றைக்கு முதல் இரண்டு வாரக் கேள்விகளுக்கான தேதி முடிந்திருக்கும். அறிவிப்பு வந்ததுமே, ஒரே பக்கத்தில், எந்த அமைச்சகம், நான்கு உட்கேள்விகள், முன்பு வந்த பதிலின் எண், ஆதார ஆவணத்தின் நகல் என்று அனுப்புங்கள். உங்கள் தொகுதி எம்.பி. அமைச்சராக இருந்தால் அவரால் கேள்வி கேட்க முடியாது; பக்கத்துத் தொகுதிக்காரரைப் பாருங்கள், அல்லது உங்கள் மாநிலத்திலிருந்து போன மாநிலங்களவை உறுப்பினரைப் பாருங்கள்.